நடுக்கட்டம் யாருக்கு

பொறாமைப்பட்டேன்னு யாரும் வெளிய சொல்ல மாட்டாக. கோவம் வந்துச்சும்பாக, மனசு கஷ்டமாப் போச்சும்பாக. எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. போடியில, எழுபதுகளோட கடைசியில, ஒரு போர்வைக்கு நடுவுல இருக்கிற ஒண்ணரை அடித் துணிக்காக வந்துச்சு. அதுக்காக நான் என் முகூர்த்தப் பட்டை வெட்டினேன், வீரபாண்டி மாரியாத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். இப்ப நினைச்சாச் சிரிப்பு வருதுன்னு எழுத ஆசைதான். அவ்வளவாச் சிரிப்பு வரலை.

எங்க வீட்டுல அவுகளுக்குக் கடைவீதியில பலசரக்குக் கடை. பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போயிட்டா மத்தியானம் பூராவும் எனக்குன்னு கிடக்கும். அக்கம்பக்கத்துல தாயம் ஆடினாக, மேட்னி ஷோ போனாக. நான் ஒட்டுப்போர்வை தச்சேன். டெய்லர் கடையில வெட்டி மிஞ்சுற துண்டுகளை வாங்கியாந்து, கட்டமாவும் முக்கோணமாவும் நறுக்கி, ஒண்ணோட ஒண்ணு சேத்து மேல்துணி தைக்கணும். கீழ ஒரு பழைய வாயில் சேலை. ரெண்டுக்கும் நடுவுல இலவம்பஞ்சை மெலிசாப் பரப்பி, மூணையும் சேத்து நெருக்கமா ஓட்டுத் தையல் போடணும். நெருக்கம் விட்டுப்போனா பஞ்சு ஒரு மூலையில போய் மூட்டை கட்டிக்கிரும். இலவம்பஞ்சுக்கு எங்க ஊர்ல அலைய வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு குடோன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறுறவுகளுக்கு இந்தப் போர்வை இல்லாம குளிர் தாங்காது.

நான் விக்கிறதுக்குத் தைக்கலை, ஆசைக்குத் தச்சேன். ட்ரங்குப் பெட்டியில எப்பவும் நாலஞ்சு அரைகுறையாக் கிடக்கும். நீலமும் வெள்ளையுமா ஒரு படிக்கட்டுப் போர்வை, ரெண்டு வருசமா முடியவே இல்லை. பிள்ளைகளோட பழைய யூனிபார்ம் காக்கியில ஒண்ணு. சட்டைக் காலர் மிச்சம் மட்டுமே வச்சு ஒண்ணு, அது என் கிறுக்கு. ஒண்ணு முடியிறதுக்குள்ள அடுத்ததுக்குக் கை அரிக்கும். 'கடையில சரக்கைப் பாதி பாதியாக் கட்டிக் குடுத்தா எவன் வாங்குவான்?'னு அவுக கேப்பாக. நான் காதுல வாங்கிக்கிறதே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சரக்கா வீட்டு மாடியில கூட்டம். டீச்சரக்கான்னா மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு டீச்சர், சர்ச்சுக்குப் போற குடும்பம். அவுக மாமனார் காலத்துல இருந்து கடைவீதியில ஜவுளிக்கடை. இந்தப் போர்வை வேலையை எங்களுக்குப் பழக்கினதே அவுகதான். நாங்க எட்டுப் பேர். நார்க்கட்டிலைக் கவுத்துப் போட்டு, நாலு காலுலயும் போர்வையோட நாலு மூலையை இழுத்துக் கட்டி, சுத்தி உக்காந்து தைப்போம். துண்டுத் துணி மாத்திக்கிருவோம், ஊர்க்கதை பேசுவோம், மூணு மணிக்கு டீச்சரக்கா காப்பியும் மிச்சரும் குடுப்பாக. யார் எதை முடிச்சுக் கொண்டாந்தாலும் முதல்ல திருப்பிப் பாப்போம். முன்பக்கம் யார் வேணா ஜோரா காட்டலாம். பின்பக்கத் தையலைப் பாத்தா ஆளைச் சொல்லிரலாம். என் தையல் லேசா இடதுபக்கம் சாயும், முடியுற இடத்துல ரெட்டை முடிச்சு இருக்கும்.

எங்க கூட்டத்துக்குன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. எட்டுப் பேர்ல யார் வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் எல்லாரும் சேந்து ஒரு போர்வை தச்சுச் சீர்ல வைப்போம். ஆளுக்கு நாலு கட்டம். நடுவுல வர்ற பெரிய கட்டம் மட்டும் ஒருத்திக்கு. அது யாருன்னு பொண்ணோட அம்மா முடிவு பண்ணும். வாயால சொல்றதில்லை, நடுக்கட்டத்துக்குன்னு எடுத்த துணியைக் கொண்டாந்து அவ மடியில போடணும். ஆறு கல்யாணத்துக்குத் தச்சோம். ஆறு துணியும் என் மடியிலதான் விழுந்துச்சு. நான் திமிரா இருந்தேன்னு சொல்வாக. இருந்தேன்தான். ஆறு தடவை மடியில விழுந்தா யாருக்குத்தான் திமிர் வராது?

ஒன்பதாவதா வந்தா குமுளிக்காரி. மலை மேல குமுளிப் பக்கம் பிறந்து வளந்தவ, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவா. புருசனுக்கு இங்கன ஏலக்காய்க் குடோன்ல கணக்கெழுதுற வேலை கிடைச்சு, டீச்சரக்கா வீட்டுப் பின்கட்டுல வாடகைக்கு வந்தாக. எனக்கு எட்டு வயசு இளையவ. மொத சனிக்கிழமையே டீச்சரக்கா அவளைக் கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டியாந்து, எனக்கும் அவுகளுக்கும் நடுவுல உக்கார வச்சாக. நடுவுலன்னா, மடியில கிடந்த காக்கிப் போர்வையோட நான் நகந்து இடம் விட வேண்டியதாப் போச்சு.

"வணக்கம் சேச்சி"ன்னா என்னைப் பாத்து.

"இங்கன சேச்சியெல்லாம் கிடையாது. அக்கான்னு கூப்பிடு"ன்னேன்.

"சரிக்கா"ன்னுட்டு ஊசியை எடுத்தா. சாக்பீஸ் கோடு போடல, அடிக்குச்சி வைக்கல. துணியை விரலாலயே மடிச்சு நகத்தால ஒரு கீறு கீறி முக்கோணம் வெட்டினா. எட்டு முக்கோணம். ஒண்ணு மேல ஒண்ணு வச்சா ஒரு நூல் பிசகல. பொழுதுக்கும் குளிர்ல கிடக்கிற ஊர், அவுக வீட்டுல போர்வை தச்சே வளந்திருக்கா. அன்னைக்கு அவ தச்சதைத் திருப்பிப் பாத்த டீச்சரக்கா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டு மறுபடி பாத்தாக. "ஆத்தாடி! இது கையா, மெசினா?"ன்னாக. பத்து வருசத்துல என்னை ஒருநாள் அப்படிச் சொன்னதில்லை. 'நல்லாருக்கு'ன்னுதான் சொல்வாக, ஏதோ ரசத்தை ருசி பாத்துச் சொல்ற மாதிரி. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அன்னைக்குக் காப்பி குடிக்கல, பித்தம்னு சொல்லிட்டேன்.

அதுல இருந்து எனக்கு அவளைப் பாக்கிறதே வேலை. அவ எந்தக் கலருக்குப் பக்கத்துல எந்தக் கலரை வைக்கிறா, டீச்சரக்கா அவகிட்ட எத்தனை வார்த்தை பேசுறாக, சிரிச்சாகளா, தோள்ல கை வச்சாகளா, எல்லாம் பாப்பேன். எங்க வீட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தா என் போர்வைகளே எனக்குப் பிடிக்கலை. படிக்கட்டுப் போர்வை கோணலாத் தெரிஞ்சுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு முன்னாடி.

இதுல டெய்லர் வேற. பேருந்து நிலையத்துக்கிட்ட கடை வச்சிருந்த அந்த டெய்லர் பத்து வருசமா எனக்குன்னு ஒரு சாக்குல துண்டு சேத்து வைப்பார். ஒருநாள் போனா சாக்குல பாதிதான் இருக்கு.

"எங்கண்ணே மிச்சம்?"

"அந்தப் புதுப் பிள்ளை கேட்டுச்சும்மா. டீச்சர் வீட்டுல இருக்குமே, அது. கத்திரிப்பூக் கலர் பட்டு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"எனக்குப் பிடிக்காதுன்னு யார் சொன்னது?"

"நீங்க கேக்கலையேம்மா"ன்னார். பத்து வருசமாக் கேட்டா குடுத்தார்? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுச்சாம். நான் அந்தச் சாக்கை அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து, ஐயோ நல்ல நல்ல துண்டு போச்சேன்னு இருந்துச்சு. மறுநாள் காலையில வெக்கத்தை விட்டுப் போய் எடுத்துட்டு வந்தேன்.

கொடுமை என்னன்னா அவகிட்ட குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. வாய்த்துடுக்கு இல்லை, பெருமை இல்லை. கத்திரிப்பூப் பட்டுல பாதியை எனக்குக் கொண்டாந்து குடுத்தா. நான் வேண்டாம்னேன். "எங்கிட்ட இருக்கு"ன்னேன். எங்க இருக்கு?

தை மாசம் டீச்சரக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாக. மாப்பிள்ளை கம்பம், பள்ளிக்கூட லீவு விட்டதும் மே மாசக் கடைசியில கல்யாணம். அந்தப் பிள்ளை என் மடியில வளந்தது. என்னைச் சித்தின்னு கூப்பிடும். அதுக்குக் கிளிப்பச்சைக் கலர்னா உசிரு. என் முகூர்த்தப் பட்டும் கிளிப்பச்சை. நிச்சயம் ஆனதைக் கேட்டதும் என் மனசுல நடுக்கட்டம் தானா விரிஞ்சுருச்சு. எட்டு இதழ்ப் பூ, இதழ் ஒவ்வொண்ணும் என் பட்டுல. வேற யாருக்கு ஆறு கட்டமும் குடுத்திருந்தாலும், இந்த ஏழாவது எனக்குத்தான். டீச்சரக்கா மகளுக்கு நான் தைக்காம வேற எவ தைப்பா?

ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்து பட்டை எடுத்தேன். முந்தானைப் பக்கம் ஒரு முழம் போல வெட்டிட்டு, மிச்சத்தை மடிச்சு மத்த சேலைகளுக்கு அடியில வச்சுட்டேன். எங்க வீட்டு அவுககிட்ட சொல்லல. இதழ் எட்டையும் வெட்டி, கடுதாசியில சுத்தி, மாசி மாசத்து மொத சனிக்கிழமை கையோட எடுத்துட்டுப் போனேன்.

டீச்சரக்கா கிளிப்பச்சைப் பட்டுத் துண்டு ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு மாடியேறி வந்தாக. நான் மடியில இருந்த ஊசி நூலையெல்லாம் ஒதுக்கி வச்சேன். மடியைக் காலி பண்ணி வச்சேன்னா பாத்துக்கங்க. அவுக என்னைத் தாண்டிப் போய் குமுளிக்காரி மடியில போட்டாக.

குமுளிக்காரி என்னைப் பாத்தா. "டீச்சர், அக்காதானே எப்பவும்..."னு இழுத்தா.

"அவ ஆறு தச்சுட்டா. நீ புதுசா வந்த பிள்ளை. உனக்கு இந்த ஊர்ல மனுசர் கிடையாது. நடுக்கட்டம் தச்சா நீயும் எங்க ஆளு"ன்னாக டீச்சரக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன, நீ வீட்டு ஆளு. உங்கிட்டக் கேக்கணுமா?"ன்னு சிரிச்சாக.

வீட்டு ஆளாம். வீட்டு ஆளுக்குப் பசிக்காதா? கடுதாசிக்குள்ள எட்டு இதழும் என் பைக்குள்ள கிடக்கு. இலவு காத்த கிளின்னு சொல்வாகளே, இலவ மரம் நிறைஞ்ச ஊர்ல இருந்துக்கிட்டு அந்தக் கதை எனக்கே நடந்துச்சு. நான் சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.

அடுத்த சனிக்கிழமை நான் போகல. கேட்டு ஆள் அனுப்பினாக. வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறதா வேண்டியிருக்கேன், விரதம், வெளிய எங்கயும் கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டேன். திருவிழா சித்திரையில. இது மாசி. "இப்பமே விரதமாடி?"ன்னு கூட்டத்துல ஒருத்தி வாசல்ல வந்து கேட்டா. "வேண்டுதல் பெருசு"ன்னேன். வேண்டுதலும் இல்லை ஒண்ணும் இல்லை. நான் தனியா ஒரு முழுப் போர்வை தைக்கப் போறேன். எட்டுப் பேர் சேந்து தைக்கிறதை நான் ஒருத்தி தச்சு, அதே சீர்ல, அதுக்குப் பக்கத்துலயே வைக்கப் போறேன். டீச்சரக்கா ரெண்டையும் பாக்கட்டும், பாத்துட்டு மூஞ்சியை எங்க வச்சுக்கிறாகன்னு பாப்போம்.

மூணு மாசம் தச்சேன். சாப்பாடு பொங்கி வச்சுட்டு உக்காந்தா பிள்ளைக வந்து வாசல்ல கத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். விரல் நுனியெல்லாம் பொத்தல். நடுவுல என் பட்டுப் பூ, சுத்தி நூத்துக்கும் மேல முக்கோணம். சொல்லக் கூடாது, என் கைக்கு அதுதான் பெரிய வேலை. அதுக்கு முன்னாடியும் அப்படித் தச்சதில்லை, பின்னாடியும் இல்லை. பொறாமையில தச்ச தையல் அவ்வளவு சுத்தமா வந்துச்சு.

பஞ்சுலதான் கோட்டை விட்டேன். பங்குனியில புதுக் காய் வெடிச்சுப் பஞ்சு வரும். இலவம்பஞ்சுக்குள்ள மிளகு மாதிரி கறுப்பு விதை இருக்கும். கூட்டத்துல அதுக்குன்னே ரெண்டு சனிக்கிழமை ஒதுக்குவோம். கூடையில போட்டுக் கம்பை விட்டுக் கடைவோம், விதை அடியில இறங்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு பிடியா எட்டுக் கை மாறும், கடைசிக் கை வரைக்கும் நசுக்கி நசுக்கிப் பாத்துத்தான் உள்ள வைப்போம். விதையில எண்ணெய்ச் சத்து. ஒண்ணு தங்கினாலும் எலிக்கு மோப்பம் போயிரும். போடியில சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா ஒரு ஆள் எத்தனை பிடிதான் நசுக்கிப் பாக்கிறது? ஜன்னலைத் திறந்தா பஞ்சு பறக்கும்னு பூட்டிக்கிட்டு உக்காந்தேன். மூக்கெல்லாம் பஞ்சு, தலையெல்லாம் பஞ்சு. அவுக சோத்துல கையை வச்சுட்டு, "இதென்ன, குழம்புக்கு நரை விழுந்திருக்கு?"ன்னாக. நாளும் நெருங்கிருச்சு. ஒண்ணு ரெண்டு கிடந்தாக் கிடக்கட்டும்னு பாதிப் பஞ்சைப் பாக்காமலே பரப்பித் தச்சுட்டேன்.

நடுவுல திருவிழா வந்து தொலைச்சுச்சு. நான் சொன்ன பொய்யை நம்பி, கூட்டத்துல நாலு பேர் எனக்குத் துணைக்கு வர்றதாக் கிளம்பி நின்னாக, மஞ்சச் சேலையெல்லாம் கட்டிக்கிட்டு. என்ன செய்ய? வேண்டாத வேண்டுதலுக்கு நான் நெசமாவே தீச்சட்டி எடுத்தேன். முல்லையாத்துல முங்கி, வேப்பிலையைக் கையில வச்சு, அதுக்கு மேல சட்டியை ஏந்துனேன். சூடு தாங்கல. ஆத்தா, பொய் சொன்னது தப்புத்தான், ஆனா என் போர்வைதான் ஜெயிக்கணும்னு கும்பிட்டுக்கிட்டே நடந்தேன். அந்த மாதிரி வேண்டுதலை ஆத்தா அதுவரைக்கும் கேட்டிருக்கவே மாட்டா.

கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுல முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், கூடத்துல சீர் பரப்பி வச்சிருந்தாக. கூட்டத்தோட போர்வை நடுவுல. குமுளிக்காரி தச்ச நடுக்கட்டம், கிளிப்பச்சையில கொடி கொடியா, அழகாத்தான் இருந்துச்சு, நான் ஏன் பொய் சொல்லணும்? நான் என்னோடதைக் கொண்டுபோய்ப் பக்கத்துல விரிச்சேன்.

கூடத்துல இருந்தவுக எல்லாரும் போர்வையைச் சுத்திக் கூடிட்டாக. அப்புறம் ஆளாளுக்கு, "ஆத்தாடி, இது ஒருத்தி தச்சதா?"ன்னாக. "இது முகூர்த்தப் பட்டுல்ல? எந்த மகராசி முகூர்த்தப் பட்டை வெட்டுவா!"ன்னாக. எங்க வீட்டு அவுகளும் அங்கனதான் நின்னாக. அப்பத்தான் அவுகளுக்கே தெரியும், என்னை ஒரு பார்வை பாத்தாக. கல்யாணப் பொண்ணு ஓடியாந்து, "சித்தி, நான் இதைத்தான் கம்பத்துக்கு எடுத்துட்டுப் போவேன்"னு கட்டிப்பிடிச்சுக்கிருச்சு. டீச்சரக்கா என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாக. 'கையா, மெசினா'ன்னு மட்டும் கேக்கல.

நான் யாரைப் பாத்தேன்னு நினைக்கிறீக? குமுளிக்காரியைத்தான். அவ என் போர்வையோட ஓரத்தைத் தூக்கி, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு மெதுவா நசுக்கிப் பாத்தா. இன்னொரு இடத்துல நசுக்கினா. என் மூஞ்சியைப் பாத்தா. ஓரத்தைக் கீழ விட்டா. எரியுதுடி உனக்கு, நல்லா எரியட்டும்னு நினைச்சேன். அன்னைக்கு ரெண்டு இலை பாயசம் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் சனிக்கிழமை தவறாம மறுபடி போனேன். ராணி மாதிரி போனேன். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை. கிறிஸ்துமஸுக்கு டீச்சரக்கா மக வந்தப்ப, "என்னத்தா, போர்வை நல்லாருக்கா?"ன்னு கேட்டேன். "நல்லாருக்கு சித்தி"ன்னுட்டு உடனே முறுக்குத் தட்டை எடுத்து நீட்டுச்சு. எனக்கு ஒண்ணும் உறைக்கல.

தை பிறந்து, கம்பத்துல எங்க நாத்தனா மகளுக்குச் சடங்கு. போன கையோட டீச்சரக்கா மக வீட்டுக்கும் போனேன். கட்டில்ல என் போர்வை விரிச்சிருந்துச்சு. பட்டுப் பூ பளபளன்னு இருந்துச்சு. பழக்கதோசம், ஓரத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன்.

கீழ்ச்சேலை வேற. தையலும் என் தையல் இல்லை. சாய்வு இல்லாம நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடுது, முடியுற இடத்துல முடிச்சே தெரியல. அப்படித் தைக்கிற கை போடியில ஒண்ணுதான் இருக்கு. மேல பூவைக் குனிஞ்சு பாத்தேன். எட்டு இதழ்ல மூணு என் பட்டு இல்லை. பச்சை ஒரு துளி வெளுத்த பச்சை.

"யார் பிரிச்சுத் தச்சது இது?"ன்னேன்.

அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "சித்தி, அம்மா சொல்லக் கூடாதுன்னாக... மழை நேரத்துல எலி பூந்திருச்சு சித்தி. பூவுக்குள்ளயே பூந்து குதறிருச்சு. பஞ்செல்லாம் வெளிய. நான் அழுதுட்டேன். அம்மாவும் அழுதாக. உங்களுக்குத் தெரிஞ்சா உசிரையே விட்டுருவீகன்னு பின்கட்டு அக்காகிட்டச் சொல்லியிருக்காக. அந்த அக்கா மூணு வாரம் பஸ்ல வந்து வந்து போச்சு. முழுசாப் பிரிச்சு, பஞ்சைப் பூராவும் நசுக்கிப் பாத்து விதை எடுத்துச்சு. ஒரு சேர் விதை சித்தி."

"இந்த மூணு இதழ்?"

"நான் அம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்த கூட்டத்துப் போர்வையில அந்த அக்கா தச்ச நடுக்கட்டத்தைப் பிரிச்சு, அதுல இருந்து எடுத்துச்சு. இந்தப் பச்சைக்குக் கிட்டத்துல வேற பட்டு எங்க கடையில தேடியும் கிடைக்கல."

நான் எந்திரிச்சு பஸ்ஸுக்கு வந்துட்டேன். கம்பத்துல இருந்து போடி வர்ற வரைக்கும் ஜன்னலோரத்துல உக்காந்து அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன். தையல்ல என்னை ஜெயிச்சா, சரி. டீச்சரக்காவை எங்கிட்ட இருந்து எடுத்தா, சரி. நல்லவளாவும் இருந்து தொலையணுமா? எனக்குன்னு ஒண்ணுகூட விட்டு வைக்க மாட்டாளா? அவ சண்டை போட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். டீச்சரக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, எத்தனை சனிக்கிழமை என்னை எதிர்ல வச்சுக்கிட்டு, பாவம் கிறுக்கின்னு நினைச்சு மிச்சர் குடுத்திருக்காக. அதை நினைச்சாத்தான் உடம்பெல்லாம் கூசுச்சு.

அந்தச் சனிக்கிழமை மத்தவுக வர்றதுக்கு முன்னாடியே மாடிக்குப் போனேன். குமுளிக்காரி தனியாக் கட்டிலைக் கவுத்துப் போட்டுக்கிட்டு இருந்தா.

"கம்பத்துக்குப் போனேன்"ன்னேன். "திருப்பிப் பாத்தேன்."

அவ கையில இருந்த கயித்தைக் கீழ போட்டா. நன்றின்னு சொல்ல நாக்கு வளையல. "ஏண்டி, இப்படியெல்லாம் நல்ல பேர் வாங்கணுமா உனக்கு?"ன்னுதான் கேட்டேன்.

அவ அப்படியே கீழ உக்காந்துட்டா. "நல்ல பேரா? அக்கா, கல்யாணத்தன்னைக்கே எனக்கு விதை கையில தட்டுப்பட்டுச்சு. ரெண்டு இடத்துல. அப்பவே உங்க காதுல சொல்லியிருந்தா, கம்பத்துக்குப் போறதுக்கு முன்னாடி பிரிச்சு எடுத்திருக்கலாம். நான் வேணும்னேதான் சொல்லல."

"ஏன்?"

"எனக்குன்னு ஒரு நடுக்கட்டம் குடுத்தாக. வாழ்க்கையில மொதத் தடவையா. மூணு மாசத்துக்கு மேல தச்சேன். நீங்க வந்து பக்கத்துல விரிச்சதும் அதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பொண்ணு உங்களதையே எடுத்துட்டுப் போச்சு. டீச்சர் உங்க கையைத்தான் கண்ணுல ஒத்திக்கிட்டாக. எனக்கு அப்படி எரிஞ்சுச்சு அக்கா. எலி திங்கட்டும்னு விட்டுட்டேன். எலி கடிச்சிருச்சுன்னு டீச்சர் வந்து சொன்னப்பகூட மொதல்ல சந்தோசம்தான் வந்துச்சு. அந்தப் பிள்ளை அழுததைப் பாத்ததுக்கப்புறம்தான் சோறு இறங்கல." கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "நீங்க என்னை அடிச்சாலும் சரி."

நான் அடிக்கல. எனக்கு அந்த நிமிசம் என்ன ஆச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீக. உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சந்தோசம். விதை இருக்கிறது தெரிஞ்சும் சொல்லாம விட்டிருக்கா, என் முகூர்த்தப் பட்டு எலி வாய்க்குப் போயிருக்கு, எனக்குக் கோவமே வரல. கையா மெசினான்னு டீச்சரக்கா கேட்ட கை, அந்தக் கைக்குச் சொந்தக்காரி, என் தையலைப் பாத்து எரிஞ்சிருக்கா. டீச்சரக்கா வாயில இருந்து வருமா வருமான்னு பத்து வருசமாக் காத்துக்கிட்டு இருந்தது, இவ வாயில இருந்து வந்துருச்சு.

கீழ டீச்சரக்கா கதவைத் திறக்குற சத்தம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் ஏறி வந்துருவாக. நான் அவ பக்கத்துல ஒட்டி உக்காந்தேன்.

"எப்ப இருந்துடி உனக்கு எம்மேல பொறாமை?"

"மொத நாள்ல இருந்து"ன்னா. "உங்க காக்கிப் போர்வையைப் பாத்தன்னைக்கே."

"காக்கியா? அதுல என்ன பிடிச்சிருந்துச்சு?"ன்னேன். "அவுக வர்றதுக்குள்ள சொல்லு. விவரமாச் சொல்லு."